ஐந்து யார்டும் இரண்டு சேலஞ்சும்: அமெரிக்க ஃபுட்பால், பேஸ்பால் விதி மாற்றங்கள்

கேள்வி, 2025 நவம்பர் 3

அமெரிக்க ஃபுட்பாலில் நேற்று 68 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் புள்ளி) அடித்துவிட்டார்கள். கிக்காஃப்பில் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையில்) பந்து கீழே விழும்வரை இரண்டு பக்கமும் சிலை மாதிரி நிற்கிறார்கள். அடுத்த வருஷம் பேஸ்பாலில் கேமராதான் அம்பயராம். இப்படி வருஷாவருஷம் விதியை நோண்டிக்கொண்டே இருந்தால் பழைய சாதனைகளுக்கு என்ன மரியாதை? ஆட்டம் நிஜமாகவே நன்றாகிறதா, இல்லை டிவிக்காகச் செய்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 3, இரவு

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். 68 யார்டு பந்து சம்பந்தப்பட்டது, கிக்காஃப் காயம் சம்பந்தப்பட்டது, கேமரா தீர்ப்பு சம்பந்தப்பட்டது. ஆனால் மூன்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு. பயிற்சியாளர்களிடம் "இப்படி ஆடுங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். விதிப்புத்தகத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்த வாரமே மாறிவிடுவார்கள். கிக்காஃப்பே அதற்குச் சாட்சி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

நவம்பர் 4

பழைய கிக்காஃப்பில் ஆபத்து வேகத்தில் இருந்தது. பத்துப் பேர் நாற்பது, ஐம்பது யார்டு தலைதெறிக்க ஓடிவந்து எதிரே வருபவர்மேல் மோதுவார்கள். அதற்குப் பயந்து எல்லாரும் பந்தை எண்ட் ஜோனுக்கு (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) அடித்து டச்பேக்கில் (எதிரணி ஓடாமலே ஒரு குறித்த கோட்டிலிருந்து தொடங்குவது) முடித்துக்கொண்டார்கள். 2023-ல் திருப்பி ஓடிய கிக்காஃப் 21.8 சதவீதம்தான். ஐந்தில் நான்கு முறை ஒன்றுமே நடக்கவில்லை.

2024-ல் வந்த அமைப்பு இது. உதைப்பவர் தன் 35 யார்டு கோட்டில். அவருடைய மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40-ல். எதிரணியில் குறைந்தது ஒன்பது பேர் தங்கள் 35-க்கும் 30-க்கும் நடுவில். ஆக நடுவே ஐந்து யார்டு இடைவெளிதான். 20 யார்டு கோட்டிலிருந்து கோல் கோடு வரை லேண்டிங் ஜோன், அங்கே ரிட்டர்னர் (பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுபவர்) அதிகபட்சம் இருவர். பந்து தரையிலோ ரிட்டர்னர் கையிலோ படும்வரை உதைப்பவரையும் ரிட்டர்னர்களையும் தவிர யாரும் அசையக் கூடாது. நீங்கள் சொல்லும் சிலை இதுதான். ஓடிவந்து மோதும் தூரத்தையே எடுத்துவிட்டார்கள்.

இனி எண்கள். லேண்டிங் ஜோனில் விழுந்தால் கட்டாயம் ஓட வேண்டும். நேராக எண்ட் ஜோனில் போய் விழுந்தால் டச்பேக், 2024-ல் அது 30 யார்டு. லேண்டிங் ஜோனில் குத்தி எண்ட் ஜோனுக்கு உருண்டால் 20. லேண்டிங் ஜோனுக்கு முன்னாலேயே விழுந்தால் அபராதமாக 40.

2024-ல் பெரும்பாலானோர் என்ன செய்தார்கள்? ஓடவிட்டாலும் 28 பக்கம்தான் நிற்கப் போகிறான், இரண்டு யார்டு கூடப் போனால் போகட்டும் என்று 30-ஐக் கொடுத்துவிட்டார்கள். திருப்பி ஓடியது 32.8 சதவீதம். ஏறியது, ஆனால் போதவில்லை. இந்த சீசனில் டச்பேக்கை 35-க்குத் தள்ளினார்கள். வேறு எதையும் பெரிதாகத் தொடவில்லை. இப்போது நான்கில் மூன்று கிக்காஃப் திரும்பி ஓடுகிறது. ஐந்து யார்டு விலை ஏற்றம், அவ்வளவுதான்.

உதைக்கும் முறையே மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? முன்பு பந்தை நிமிர்த்தி வைத்து உயரமாக, தூரமாக அடிப்பார்கள். இப்போது சாய்த்து வைத்து, சுழலாமல் தள்ளாடிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வாக அடிக்கிறார்கள். கோல் கோட்டுக்கு முன்னால் குத்தி எந்தப் பக்கம் எகிறும் என்று ரிட்டர்னருக்கே தெரியாது. கையில் வராமல் தட்டித் தடுமாறும் ஒவ்வொரு நொடிக்கும் பத்துப் பேர் நெருங்கிவிடுகிறார்கள். ஆனால் இது கத்திமேல் நடப்பது. 45 யார்டுக்குக் குறைந்தால் எதிரிக்கு 40, 65 தாண்டினால் 35. நடுவில் இருக்கும் அந்த 20 யார்டு பட்டைக்குள் விழ வேண்டும்.

காயக் கணக்கு: 2024 சீசனில் மொத்த மூளையதிர்ச்சி முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் குறைந்தது. அதில் ஹெல்மெட் மேம்பாட்டுக்கும் பங்கு உண்டு, எல்லாப் புகழையும் கிக்காஃப்புக்குக் கொடுக்க முடியாது.

ஆன்சைட் கிக் (உதைத்த அணியே பந்தை மீட்கச் சின்னதாக உதைப்பது) நான்காவது குவார்ட்டரில் மட்டும்தான் அனுமதி, அது ஒரு இழப்பு.

நவம்பர் 4, சற்றுப் பிறகு

மேலே கடைசி வரி தவறு. நான்காவது குவார்ட்டர் என்பது 2024 விதி. இந்த ஆண்டு முதல், பின்தங்கிய அணி எந்தக் குவார்ட்டரிலும் ஆன்சைட் உதைக்கலாம். ஆனால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இழப்பு என்று நான் சொன்னது அந்த அறிவிப்பைத்தான். 2010 பிப்ரவரி, மயாமியில் 44-வது சூப்பர் பவுல், அதாவது ஃபுட்பால் இறுதிப் போட்டி. 10-6 என்று பின்தங்கியிருந்த நியூ ஆர்லியன்ஸ், இரண்டாம் பாதியைத் திடீர் ஆன்சைட் கிக்கோடு தொடங்கியது. பந்து கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது. 2025 விதியில் அவர்கள் உதைக்கலாம், பின்தங்கியிருந்தார்களே. ஆனால் நடுவரிடம் சொல்லிவிட்டு உதைக்க வேண்டும். எதிரி ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். சொல்லிவிட்டு அடிக்கும் ஆன்சைட் பத்தில் ஒன்று கூடத் தேறுவதில்லை. இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நவம்பர் 6

68 யார்டு. ஜாக்சன்வில் அணியின் கேம் லிட்டில், லாஸ் வேகஸில், முதல் பாதியின் கடைசி உதை. கூரை மூடிய அரங்கம், காற்று கிடையாது. இதற்கு முன் ஜஸ்டின் டக்கரின் 66 (2021), அதற்கும் முன் மேட் ப்ரேட்டரின் 64 (2013), டாம் டெம்ப்சியின் 63 (1970). 63-லிருந்து 64-க்கு 43 ஆண்டு. 64-லிருந்து 68-க்கு 12 ஆண்டு.

பந்து விஷயம் இப்படி. உதைக்கென்று தனியாக இருக்கும் பந்தை கே-பந்து என்பார்கள். புதுப் பந்தின் தோல் விறைப்பாக, மேலே ஒரு வழுவழுப்போடு இருக்கும். தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அழுத்தி அழுத்திப் பதமாக்கினால் தோல் இளகும், வயிறு கொஞ்சம் உப்பும், கால் படும் நல்ல இடம் பெரிதாகும். போன ஆண்டுவரை அந்தப் பந்துகள் ஆட்ட நாளில்தான் கைக்கு வரும், பதமாக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த ஆண்டு ஒவ்வொரு அணிக்கும் சீசன் தொடக்கத்திலேயே 60 கே-பந்து கொடுத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் பதமாக்கலாம், ஒரே பந்தைப் பல ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) தன் பந்தை இப்படித்தான் பழக்கிவைத்துக்கொள்கிறார், உதைப்பவருக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆட்டத்தை மாற்றுவது அந்த 68 அல்ல. கீழே உள்ள கணக்கைப் பாருங்கள். பந்து நிற்கும் கோட்டோடு 17-ஐக் கூட்டினால் ஃபீல்டு கோல் தூரம்: எண்ட் ஜோன் 10, பின்னால் பந்தை வைக்க 7. எதிரியின் 41-ல் நின்றால் 58 யார்டு உதை. டச்பேக் 35-ல் கிடைத்தால் அந்த 41-க்குப் போக 24 யார்டு போதும். இரண்டு நல்ல பாஸ். பழைய 25 யார்டு டச்பேக்கில் 34 யார்டு தேவைப்பட்டது. பாதி முடிய 25 நொடி இருக்கும்போது முன்பெல்லாம் முட்டி போட்டுவிட்டு உள்ளே போவார்கள், இப்போது அப்படிப் போவது குறைந்துவிட்டது. கிக்காஃப் விதியும் பந்து விதியும் தனித்தனியாக வந்தவை, இரண்டும் சேர்ந்து கடைசி அரை நிமிடத்தை வேறொன்றாக்கிவிட்டன.

தவறினால் என்ன விலை என்றும் கேட்டிருந்தார்கள். உதைத்த இடத்திலிருந்தே எதிரிக்குப் பந்து. 68 என்றால் அது சொந்த 42 யார்டு கோடு. நேரம் முடிந்த பிறகு மட்டுமே அது துணியக்கூடிய உதை.

நவம்பர் 8

பேஸ்பாலுக்கு வருவோம். "கேமராதான் அம்பயர்" என்பது சரியல்ல. கொரியாவின் கேபிஓ லீக்கில் 2024 முதல் அப்படித்தான், எல்லாப் பந்துக்கும் ஸ்ட்ரைக்கா (ஜோனுக்குள் வந்தது) பாலா (வெளியே போனது) என்று இயந்திரமே தீர்ப்பு. மேஜர் லீக் 2026-க்கு ஒப்புக்கொண்டது சேலஞ்ச் முறை. அம்பயர்தான் சொல்வார். கேள்வி கேட்டால் மட்டும் கேமரா.

நடைமுறை: ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு இரண்டு சேலஞ்ச். சரியாகக் கேட்டால் குறையாது. கேட்கக் கூடியவர்கள் பேட்டர், பிட்சர் (பந்தை எறிபவர்), கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பிடிப்பவர்) மூவர் மட்டுமே. உடனே தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்ட வேண்டும். அணி உட்காரும் டக்அவுட்டைப் பார்த்து யோசனை கேட்டால் செல்லாது. படம் பெரிய திரையில் வரும். இந்த ஆண்டு வசந்தகாலச் சோதனையில் ஒரு சேலஞ்சுக்குச் சராசரியாக 14 நொடிக்கும் குறைவாகவே ஆனது. எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் கையில் ஒன்றும் இல்லாத அணிக்கு இன்னிங்ஸுக்கு ஒன்று கிடைக்கும்.

ஸ்ட்ரைக் ஜோன் அளவு: அகலம், பேட்டர் அருகே தரையில் பதித்த பிளேட்டின் 17 அங்குலம். பந்தின் ஓரம் உரசினாலும் ஸ்ட்ரைக் என்பதால் நடைமுறையில் ஏறக்குறைய 20 அங்குலம். உயரம் பேட்டரின் உடல் உயரத்தில் மேல் எல்லை 53.5 சதவீதம், கீழ் எல்லை 27. ஆறடி ஆளுக்கு மேலே 38.5, கீழே 19.4 அங்குலம். பட்டியல் உயரப்படி ஆரன் ஜட்ஜுக்கு (6 அடி 7) 42.3-ம் 21.3-ம். ஹோசே அல்டூவேக்கு (5 அடி 6) 35.3-ம் 17.8-ம். குனிந்து நின்றாலும் நிமிர்ந்து நின்றாலும் மாறாது. பேட்டர் எப்படி நிற்கிறார் என்று பார்த்து ஜோன் போடும் பழக்கம் சேலஞ்சில் செல்லாது. செருப்பு இல்லாமல் அளப்பார்கள். பட்டியலில் ஓர் அங்குலம் கூட்டிப் போட்டிருந்தால் மேல் எல்லை அரை அங்குலம் இறங்கும். பேட்டருக்கு அது லாபம்.

பிளேட்டின் முன் விளிம்பில் பந்து எங்கே கடக்கிறது என்பதுதான் அளவு.

நவம்பர் 9

திருத்தம், முக்கியமானது. முன் விளிம்பு அல்ல. பிளேட்டின் நடுவில், முன்னிருந்து 8.5 அங்குலம் உள்ளே நிற்கும் ஒரு தட்டையான சட்டம். விதிப்புத்தக ஜோன் முப்பரிமாணம், பிளேட் முழுதும் நீளும் ஒரு பெட்டி. சேலஞ்ச் ஜோன் ஒரு ஜன்னல்.

வித்தியாசம் கர்வ்பாலில் தெரியும். முன் விளிம்பில் முட்டிக்கு நேராக நுழைந்து, நடுவுக்கு வரும்போது ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்ட பந்து புத்தகப்படி ஸ்ட்ரைக், ஜன்னல்படி பால். மேலே அந்தச் சிக்கல் இல்லை: முன் விளிம்பில் உயரமாக வந்து நடுவில் ஜோனுக்குள் இறங்கினால் இரண்டின்படியும் ஸ்ட்ரைக். ஆக, முட்டிக்குக் கீழே கர்வ் போட்டுப் பிழைப்பவர்கள் கொஞ்சம் இழப்பார்கள்.

நவம்பர் 9, மாலை

"கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரிதானே, அம்பயர்ஸ் கால் ஏன் இல்லை?" நல்ல கேள்வி. இரண்டிலும் ஹாக்-ஐ கேமராக்கள்தான். ஆனால் எல்பிடபிள்யூவில் பந்து காலில் பட்டு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு ஸ்டம்பை நோக்கிப் போகும் கோடு கணிப்பு. கணிப்பில் பிழை வரும், அதனால் அந்த இடைவெளியை அம்பயருக்கு விட்டார்கள். ஸ்ட்ரைக் ஜோனில் பந்து நிஜமாகவே கடந்துபோகிறது, கணிக்க ஒன்றுமில்லை. பார்ட்னரோடு கூடிப் பேசி 15 நொடியில் முடிவெடுக்கும் வசதியும் இங்கே கிடையாது. தனியாள் முடிவு, கண் இமைக்கும் நேரத்தில்.

நவம்பர் 12

கேட்சர் ஃப்ரேமிங் செத்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், எண்ணைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டேன்.

ஃப்ரேமிங் என்றால், ஓரத்தில் வரும் பந்தைப் பிடிக்கும்போது கையுறையை வெளியே இழுபட விடாமல், கீழிருந்து மேலாக, உள்பக்கமாக மெல்ல அழுத்தி நிறுத்துவது. ஒற்றை முட்டியை ஊன்றி உட்காருவதும் அதற்காகத்தான், தாழ்ந்த பந்துக்குக் கீழே கை போய்விடும். சான் பிரான்சிஸ்கோவின் பேட்ரிக் பெய்லி இதில் முதலிடத்துக்காரர்.

வசந்தகாலச் சோதனையில் ஆட்டத்துக்குச் சேலஞ்ச் சராசரி நான்கு சொச்சம்தான், இரண்டு அணிக்கும் சேர்த்து. பேட்டர் சுற்றாமல் விடும் பந்து ஓர் ஆட்டத்தில் நூற்றுக்குமேல். அதில் நான்கைத் தவிர மீதி எல்லாம் அம்பயர் கண்ணைப் பொறுத்தது. அங்கே ஃப்ரேமிங் வாழும். மூன்றாவது ஸ்ட்ரைக், நான்காவது பால் மாதிரி உச்ச நேரத்தில் திருடிய ஸ்ட்ரைக்குத்தான் இனி பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று: கேட்சர்களின் மதிப்பு வேறு வழியில் ஏறுகிறது. சோதனையில் கேட்சர் கேட்ட சேலஞ்ச் 56 சதவீதம் ஜெயித்தது, பேட்டர் 50, பிட்சர் 41. காரணம் எளிது. கேட்சர் பந்துக்கு நேர் பின்னால் அசையாமல் இருக்கிறார். பிட்சர் எறிந்த வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துகொண்டே, அறுபது அடிக்கு அப்பால் தான் ஆசைப்பட்ட இடத்தைப் பார்க்கிறார். நான் மேலாளராக இருந்தால் பிட்சரின் கை தொப்பிப் பக்கமே போகக் கூடாது என்பேன்.

நவம்பர் 13

பிட்ச் கிளாக் (பிட்சர் அடுத்த பந்தை எறிய வேண்டிய நேரக் கெடு) பற்றிச் சுருக்கமாக. 2022-ல் ஆட்டம் சராசரி 3 மணி 4 நிமிடம், 2023-ல் 2 மணி 40. பேஸில் ரன்னர் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் முதலில் 20, 2024 முதல் 18. பேட்டர் 8 நொடி மிச்சம் இருக்கும்போது தயாராகப் பார்க்க வேண்டும், இல்லையேல் ஒரு ஸ்ட்ரைக்.

இதைவிட எனக்குப் பிடித்தது அதோடு வந்த இன்னொரு விதி. பிட்சர் ரன்னரைப் பிடிக்க இரண்டு முறைதான் விலகி எறியலாம். மூன்றாவது எறிந்து அவுட் ஆக்காவிட்டால் ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம். அதே ஆண்டு பேஸ் சதுரமும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, முதலாம் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே 4.5 அங்குலம் குறைந்தது. திருட்டு பேஸ் (பேட்டர் அடிக்காமலே ரன்னர் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) 2,486-லிருந்து 3,503.

காலில் வேகம் உள்ளவர்களுக்கு மட்டும் லாபம் என்று நினைத்தோம். 2025-ல் ஹுவான் சோட்டோ 38, ஜாஷ் நெய்லர் 30. நெய்லர் லீகிலேயே மிக மெதுவாக ஓடுபவர்களில் ஒருவர். அவர் ஓடுவது காலால் அல்ல, கணக்கால். பிட்சர் இரண்டு எறிதலையும் செலவழித்துவிட்டாரா, தலையை எத்தனை முறை திருப்புகிறார், கிளாக்கில் எந்த நொடியில் காலைத் தூக்குகிறார். அது தெரிந்தால் இரண்டடி முன்னால் நிற்கலாம்.

நவம்பர் 16

அங்குலம் பேசுகிறோம், நவம்பர் 1 உலகத் தொடரில் டொரொன்டோவும் டாட்ஜர்ஸும் மோதிய ஏழாவது ஆட்டத்தைப் பேசாமல் எப்படி. ஒன்பதாவது இன்னிங்ஸ் அடிப்பகுதி, 4-4, மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட். மூன்றாம் பேஸில் டொரொன்டோவின் ஐசையா கைனர்-ஃபலெஃபா. வார்ஷோ தரையோடு அடிக்கிறார், டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து பிளேட்டுக்கு எறிகிறார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் பிளேட்டிலிருந்து எழும்பி மறுபடி பதிகிறது. அவுட். ரீப்ளேவும் அதையே உறுதி செய்தது.

ஏன் இன்னும் முன்னால் நிற்கவில்லை என்று உலகமே திட்டியது. முந்தின இரவு ஆறாவது ஆட்டம் முடிந்ததே எப்படி? தாழ்ந்த பந்தை ஓடிவந்து பிடித்து இரண்டாம் பேஸில் ரன்னரையும் அவுட் ஆக்கினார்கள். மூன்றாம் பேஸில் நேராக அடித்த பந்து பிடிபட்டால் அதே கதி, உலகத் தொடர் வாய்ப்பே கைநழுவும். அதனால் ஒட்டி நிற்கச் சொன்னது புத்திசாலித்தனம். பந்து மட்டையில் பட்டுத் தரையைத் தொடும் கணத்தில் எடுக்கும் இரண்டாவது அடிதான் குறைந்தது. ஃபோர்ஸ் அவுட் (ரன்னரைத் தொடாமல் பேஸை மிதித்தாலே அவுட்) என்பதால் சறுக்காமல் ஓடிக் கடந்திருக்கலாம் என்ற வாதம் வலுவானது, அதை மறுக்க மாட்டேன்.

நவம்பர் 17

ஃபுட்பாலின் டஷ் புஷ் (ஒரு யார்டுக்காகக் குவார்ட்டர்பேக்கைப் பின்னிருந்து தள்ளுவது) பற்றி மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கிரீன் பே கொண்டுவந்த தடைத் தீர்மானம் மே மாதம் 22-10. தேவை 24, இரண்டு ஓட்டில் பிழைத்தது. முன்னால் ஓடுபவரைப் பின்னிருந்து தள்ளக் கூடாது என்ற பழைய விதியை 2005-ல் எடுத்ததிலிருந்து வந்த விளைவு இது. ஒரு யார்டு உறுதி என்றால், அதில் தேர்ந்த அணிக்கு நான்கு முயற்சியில் (டவுன்) எடுக்க வேண்டியது பத்து யார்டு அல்ல, ஒன்பது. மூன்றாவது டவுனில் ஒன்பது வேண்டுமென்றாலும் எட்டு எடுத்துவிட்டு நான்காவதில் தள்ளலாம். என் மனத்தாங்கல் தள்ளுவதில் இல்லை. பந்து அசையுமுன் லைன்காரர்கள் அசைவதை அந்தக் குவியலில் நடுவர் கண்ணால் பிடிக்க முடிவதில்லை. அதற்குக் கோட்டுக்கு நேராக ஒரு கேமரா வைத்தால் பாதி சண்டை தீரும்.

நவம்பர் 22

"டாட்ஜர்ஸ் காசு கொடுத்துக் கோப்பை வாங்குகிறது, ஃபுட்பால் மாதிரி சம்பள உச்சவரம்பு வேண்டும்." இதுதான் அடுத்த ஆண்டு முழுக்க ஓடப் போகும் சண்டை, தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது.

ஃபுட்பாலில் 2025 உச்சவரம்பு ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர், தாண்டவே முடியாது. பேஸ்பாலில் தாண்டலாம், வரி கட்ட வேண்டும். 2025-ல் எல்லை 24.1 கோடி. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகத் தாண்டி, 30.1 கோடியையும் தாண்டினால் மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. ஒரு கோடி டாலர் ஆட்டக்காரர் 2.1 கோடிக்கு வருவார். அப்படியும் கட்டுகிறார்கள். ஓடானியின் 70 கோடியில் 68 கோடி 2034 முதல் 2043 வரை தள்ளிக் கொடுக்கப்படுகிறது, அதனால் வரிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.6 கோடிதான்.

என் எண்ணம்: உச்சவரம்பை மட்டும் பேசுபவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள். ஃபுட்பாலில் குறைந்தபட்சம் செலவழித்தே ஆக வேண்டும் என்ற தரைவரம்பும் உண்டு, பேஸ்பாலில் அது இல்லை. கஞ்சத்தனத்துக்கு விலையே இல்லாத இடத்தில் தாராளத்துக்கு மட்டும் விலை போட்டால் சின்ன அணி ரசிகருக்கு ஒன்றும் கிடைக்காது.

நவம்பர் 29

கடைசியாக ஒருவர் நேரடியாகக் கேட்டது: "இரண்டு சேலஞ்சை எப்போது செலவழிக்க வேண்டும்?"

முதல் இன்னிங்ஸ், 0-0 கவுன்ட் (பால்-ஸ்ட்ரைக் எண்ணிக்கை), பேஸ் காலி: எவ்வளவு கோபம் வந்தாலும் கையைக் கீழே வையுங்கள். 3-2 என்றால் பாதி நம்பிக்கை இருந்தாலே தட்டலாம், ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் நான்காவது பாலில் இலவசமாக முதல் பேஸ் கிடைப்பதற்கும் நடுவே உள்ள தூரம் அது. 1-1 பலர் கவனிக்காத கவுன்ட், 2-1 ஆவதற்கும் 1-2 ஆவதற்கும் பேட்டரின் வாழ்வே வேறு, ரன்னர் இருந்தால் கேட்கலாம். ஏழாவது இன்னிங்ஸுக்கு முன் இரண்டையும் தொலைக்கக் கூடாது. ஒன்பதாவதில் மிச்சம் வைத்திருந்தாலும் பயனில்லை, அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப்போக முடியாது.

பேட்டர் கேட்பதானால் உயரத்தைவிட அகலத்தைக் கேட்பது நல்லது. வெளி ஓரம் பிளேட்டின் வெள்ளை விளிம்போடு கண்ணுக்கு ஒப்பிடத் தெரியும். முட்டி உயரத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லை, அதிலும் இறங்கும் கர்வ் என்றால் கேட்சர் பிடித்த இடம் ஜன்னலைவிட ஓர் அடிக்கு மேல் பின்னால் இருக்கும், பந்து அதற்குள் இன்னும் இறங்கியிருக்கும். கையுறை தரையோரம் இருக்கிறதே என்று தட்டினால் திரையில் ஸ்ட்ரைக் என்று வரும்.